நோய் லேசு, வாழ்க்கை லேசா? மும்பையில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உடையோரின் வாழ்க்கைத் தரம்

மாற்றுத் திறனாளிகளைப் பற்றிய நம் புள்ளிவிவரங்களில் சிலர் எங்கும் அகப்படாமல் நழுவிவிடுகின்றனர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத் திறனாளிகள் இருப்பதாகக் கூறியது. மொத்த மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. பார்வை, செவி, பேச்சு, நடமாட்டம் முதலிய எட்டுத் தலைப்புகளில் அவர்கள் பகுத்துக் காட்டப்பட்டனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு அந்த எட்டில் தனி இடம் இல்லை. நோய் முற்றி நடக்க இயலாதவர் 'நடமாட்டம்' என்ற தலைப்பில் சேர்ந்திருப்பார். நோய் லேசாக உள்ளவர் எதிலும் சேர்ந்திருக்க மாட்டார். கணக்கெடுக்க வந்தவருக்குக் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் ஊனமுற்றோர் எவரும் இல்லை என்று அவரே விடை சொல்லியிருக்கவும் கூடும்.

இத்தகையோரின் வாழ்க்கைத் தரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களமாக மும்பை மாநகரையும், அதில் தமிழர் பலர் வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளையும் எடுத்துக்கொள்வோம். இந்நோயைப் பற்றிய இந்திய ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று நடந்த நகரம் இது. இந்நோயாளிகளுக்கான தேசிய அமைப்பு பிறந்ததும் இங்கேதான். மருத்துவர் ஒரே அளவுகோலால் 'லேசானது' என்று குறித்த நோய், வீடும் வேலையும் மாறும்போது எவ்வளவு வேறுபட்ட சுமையாகிவிடுகிறது என்பதைக் காட்டவும் இம்மூன்று பகுதிகள் போதும்.

நோயின் இயல்பு

பெயரிலிருந்து தொடங்குவோம். தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்றும், திசு பன்முகக் கடினமாதல் என்றும் எழுதுகின்றனர். இரண்டும் நோயாளிக்கு எதையும் விளக்குவதில்லை. மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் 'எம்.எஸ்.' என்றே சொல்கின்றனர். நாமும் அவ்வாறே குறிப்பிடுவோம்.

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. நரம்புச் செய்தி விரைந்து செல்வது இவ்வுறையால்தான். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், தவறுதலாக இவ்வுறையையே தாக்கிச் சிதைப்பது எம்.எஸ். ஆகும். சிதைந்த இடங்களில் தழும்புகள் உண்டாகி இறுகிவிடுகின்றன. பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்டின் ஷார்கோ 1868இல் இதனைத் தனி நோயாக வரையறுத்து விளக்கினார். இது தொற்றுநோய் அன்று. பெற்றோரிடமிருந்து நேரடியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் நோயும் அன்று. ஆனால் மரபுக் கூறுகளுக்கு ஓரளவு பங்கு உண்டு.

பொருளியல் நோக்கில் மிக முக்கியமான செய்தி, நோய் தொடங்கும் வயதாகும். பெரும்பாலோருக்கு 20 முதல் 40 வயதுக்குள் இது வெளிப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு அல்லது மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, மணம் புரிந்து, குழந்தை பெறும் காலத்திலேயே இந்நோய் வந்து சேர்கிறது. முதுமையில் வரும் நோய்கள் சேமிப்பைக் கரைக்கின்றன. இந்நோயோ சேமிப்பு தொடங்கும் முன்னரே வருமானத்தில் கைவைக்கிறது.

நோயாளிகளுள் சுமார் 85 விழுக்காட்டினருக்குத் தொடக்கத்தில் நோய் விட்டுவிட்டு வருகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்கும்; அல்லது ஒரு கால் மரத்துப்போகும்; அல்லது நடை தள்ளாடும். சில வாரங்களில் அது பெரும்பாலும் சீராகிவிடும். பின்பு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அமைதி நிலவும். மீண்டும் எப்போது வரும், எந்த உறுப்பில் வரும் என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. இந்த நிச்சயமின்மை தனியானதொரு சுமை. அடுத்த ஆண்டு தன் உடல் எப்படி இருக்கும் என்று அறியாதவர் வீட்டுக் கடன் வாங்குவதற்கும், பதவி உயர்வோடு வரும் இடமாற்றத்தை ஏற்பதற்கும் தயங்குவது இயல்பே.

எத்தனை பேர்?

எம்.எஸ். குளிர்நாட்டு வெள்ளையரின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. உலகெங்கும் சுமார் 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாகப் பன்னாட்டு எம்.எஸ். கூட்டமைப்பு 2020இல் மதிப்பிட்டது. நம் நாட்டில் அது மிக அரிது என்றே கருதப்பட்டு வந்தது. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நரம்பியல் துறையை உருவாக்கிய டாக்டர் நோஷிர் வாடியாவும் அவருடைய சக ஆய்வாளரும் பார்சி சமூகத்தாரிடையே நடத்தி, 1990இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. மும்பைப் பார்சிகளுள் இலட்சம் பேருக்கு 26 பேர் வீதம் எம்.எஸ். இருப்பதாக அவ்வாய்வு காட்டிற்று. பாரசீகத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து, தம்முள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகம் என்பதால் மரபின் பங்கை ஆராய்வதற்கும் அது துணை செய்தது.

ஏனைய சமூகங்களின் நிலை என்ன? மங்களூர் நகரில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, இலட்சத்துக்கு 8 பேருக்குச் சற்று அதிகமான வீதத்தைக் கண்டது. காந்த அலை ஊடுகதிர்க் கருவி, அதாவது எம்.ஆர்.ஐ., பரவியதும் நரம்பியல் மருத்துவர்கள் பெருகியதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம். முன்பு 'வாதம்' என்றும் 'நரம்புத் தளர்ச்சி' என்றும் அனுப்பப்பட்டோர் இப்போது பெயருள்ள நோயாளிகளாகியுள்ளனர்.

மங்களூர் வீதத்தை, 2011இல் 1 கோடியே 24 இலட்சமாக இருந்த பெருமும்பையின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் சுமார் ஆயிரம் பேர் என்ற எண் கிடைக்கிறது. இதனை மதிப்பீடாகக் கொள்ளலாகாது. எந்த அளவிலான பிரச்சினை என்பதை உணர்த்தும் மனக்கணக்காக மட்டுமே கொள்ள வேண்டும். ஆயிரம் என்பது ஒரு மாநகராட்சிக்குச் சிறிய எண். சிறிய எண் என்பதாலேயே தனித் திட்டம் வகுப்பது அரிது. ஆனால் இருக்கும் திட்டங்களின் விதிகளைத் திருத்துவது எளிது. அலுவலர்கள் இதனை மனத்தில் கொள்வது நன்று.

நடையை மட்டும் அளக்கும் கோல்

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் குர்ட்ஸ்கே 1983இல் விரிவாக்கி வெளியிட்ட அளவுகோலே இன்றும் இந்நோயின் கடுமையைக் கூறப் பயன்படுகிறது. சுழி முதல் பத்து வரை அரை அரைப் புள்ளியாக அது ஏறுகிறது. 4 என்பது துணையின்றியும் இடையில் ஓய்வின்றியும் சுமார் 500 மீட்டர் நடக்கக்கூடிய நிலை. 6 என்பது 100 மீட்டர் நடப்பதற்கே ஊன்றுகோல் வேண்டிய நிலை. 7இல் சக்கர நாற்காலி வந்துவிடுகிறது. 3 அல்லது 3.5 வரை உள்ள நிலையைப் பொதுவாக 'லேசான நோய்' என்பர்.

இவ்வளவுகோலின் மேற்பகுதி முழுவதும் நடையையே சார்ந்துள்ளது. நடப்பவர் நலமாக இருக்கிறார் என்பது இதன் மறைபொருள். ஆனால் எம்.எஸ். உள்ளவர்களிடம் அவர்களை மிகவும் வருத்துவது எது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது களைப்பையே. நான்கில் மூவருக்கேனும் இது உண்டு. உழைத்துக் களைத்தவன் உறங்கி எழுந்தால் தெளிவான். இக்களைப்போ காலையில் எழும்போதே உடனிருக்கும். பிற்பகலில் கை கால்களில் ஈயத்தைக் கட்டிவிட்டதுபோல் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. கவனமும் நினைவும் மந்தமாவது, சிறுநீரை அடக்க இயலாத அவசரம், கால்களின் விறைப்பு, மனச்சோர்வு ஆகியவையும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாதவை. மனச்சோர்வு நோயைக் கேட்டு வந்த கவலை மட்டுமன்று; மூளையில் ஏற்படும் மாறுதல்களாலும் அது வரக்கூடும் என்பதால் அதற்கும் மருத்துவம் தேவை.

இக்குறையை நிரப்புவதற்காக வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தொகுப்புகள் உருவாயின. 1995இல் வெளியான ஒன்றில் 54 வினாக்கள் உள்ளன. எந்த நோயாளிக்கும் பொருந்தும் 36 பொது வினாக்களோடு, எம்.எஸ். நோய்க்கே உரிய 18 வினாக்களைச் சேர்த்து அதனை அமைத்தனர். களைப்பு, நினைவாற்றல், இல்லற உறவு, எதிர்காலம் பற்றிய கவலை ஆகியவற்றை அது கேட்கிறது. இத்தகைய வினாத்தொகுப்புகளை நம் நாட்டில் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மாடி ஏறுவது பற்றிய வினா அதில் உண்டு. பொதுக் கழிவறை எத்தனை அடி தொலைவில் உள்ளது என்ற வினா இல்லை.

செம்பூரிலிருந்து ஒரு ரயில் பயணம்

விளக்கத்திற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 32, செம்பூரில் வீடு, கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. குர்ட்ஸ்கே அளவில் அவர் 2. காலை ஒன்பது மணி அளவில் ஹார்பர் பாதையில் வண்டி ஏறுகிறார். திலக் நகரைத் தாண்டிக் குர்லா வந்ததும் பெட்டி நிறைந்து வழிகிறது. சத்திரபதி சிவாஜி முனையம் வரை நின்றே செல்ல வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கான பெட்டி அதே வண்டியில் உண்டு. அதில் ஏறச் சான்றிதழ் வேண்டும். அவரிடம் சான்றிதழ் இல்லை. இருந்தாலும், நிமிர்ந்து நடந்து வரும் இளம் பெண்ணை அப்பெட்டியில் உள்ளோர் எவ்வாறு பார்ப்பர் என்பதை எண்ணி அவர் பெண்கள் பெட்டியிலேயே ஏறிக்கொள்வார்.

அங்கே வேறோர் எதிரி உண்டு, அது வெப்பம். உடலின் வெப்பநிலை அரை டிகிரி உயர்ந்தாலே, உறை சிதைந்த நரம்புகளில் செய்தி தடைப்படத் தொடங்கும். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் இதனை 1890இலேயே குறித்து வைத்தார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர வைத்து, அறிகுறிகள் கூடுகின்றனவா என்று சோதித்தே நோயை ஊகித்ததும் உண்டு. மும்பையின் மே மாதத்தில் வெயில் சென்னையைவிடக் குறைவு என்று ஆறுதல் கூறுவோர், காற்றின் ஈரப்பதத்தை மறந்துவிடுகின்றனர். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாவதில்லை. ஆகவே நம் எழுத்தர் அலுவலகம் போய்ச் சேரும்போது ஒரு கண் மங்கி, கால் பின்னத் தொடங்கியிருக்கும். குளிர்ந்த அறையில் அரை மணி நேரம் அமர்ந்தால் அது மாறிவிடும். இது நோயின் புதிய தாக்கு அன்று. நிலையான சேதமும் அன்று. ஆனால் அந்த அரை மணி நேரம் வருகைப் பதிவேட்டில் தாமதமாகவே பதிவாகும்.

மும்பைப் புறநகர் ரயிலில் முதல் குளிர்சாதன வண்டி 2017ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று மேற்கு ரயில்வேயில் ஓடியது. அதனை ஆடம்பரம் என்று அப்போது பலர் பேசினர். ஊட்ஹாஃப் அதனை மருத்துவச் சாதனம் என்று சொல்லியிருப்பார்.

தாராவியில் அதே நோய்

இனி அதே அளவு நோயைத் தாராவிக்குக் கொண்டு செல்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர் வந்து குடியேறிய இடம் இது. தோல் பை தைத்தல், ஆயத்த ஆடை, மண்பாண்டம், பழைய பொருள்களைப் பிரித்தல், இட்லி வியாபாரம் எனச் சிறு தொழில்கள் வீடுகளுக்குள்ளேயே நடக்கின்றன. ஆயத்த ஆடைப் பட்டறையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கும் குர்ட்ஸ்கே அளவு 2 தான்.

அவருக்குக் கூலி பீஸ் கணக்கில். மாதச் சம்பளக்காரருக்குக் களைப்பு என்பது ஒரு நாள் விடுப்பு. பீஸ் கணக்கில் உழைப்பவருக்கு அதே களைப்பு அன்றைய கூலியில் நேரடியான குறைவு. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கை ஓயுமானால், வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அது தெரியும். நோயின் பெயர் பட்டறை முதலாளிக்குத் தெரியாது. வேகம் குறைந்தது மட்டும் தெரியும். விழிகளின் கூர்மை சற்றுக் குறைந்தாலும் ஊசியில் நூல் கோப்பது கடினம். எனவே மருத்துவர் 'லேசானது' எனக் குறித்த நோய், கூலிக் கணக்கில் லேசாக இல்லை.

வீட்டைப் பார்ப்போம். தகரக் கூரை, ஒரே அறை, மேலே பரண் போன்ற மாடி. அதற்கு ஏற, செங்குத்தான இரும்பு ஏணி. பாதம் சற்றுத் தொங்கும் ஒருவருக்கு அந்த ஏணி நாள்தோறும் ஓர் ஆபத்து. ஆனால் இவற்றையெல்லாம்விடக் கடுமையானது கழிவறை. தாராவியில் பெரும்பாலான குடும்பங்கள் பொதுக் கழிவறைகளையே நம்பியுள்ளன. எம்.எஸ். உள்ளவர்களுள் பலருக்குச் சிறுநீரை அடக்க இயலாத அவசரம் உண்டு. அவசரம் வந்தபின் சந்துகளைக் கடந்து, வரிசையில் நிற்பது இயலாத செயல். ஆகவே அப்பெண் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்.

இதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காண வேண்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏற்படும். தொற்று வந்தால் காய்ச்சல். காய்ச்சலால் உடல் வெப்பம் உயர, பழைய அறிகுறிகள் யாவும் திரும்பி வரும். கால் மரத்து, நடை தள்ளாட, நோய் மீண்டும் தாக்கிவிட்டதென்று வீட்டார் அஞ்சி மருத்துவமனைக்கு ஓடுவர். தொற்றைக் கவனியாது ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினால் தொற்று மேலும் வலுக்கும். தொடக்கத்தில் வேண்டியிருந்தது ஒரு கழிவறை. முடிவில் செலவானது ஒரு வாரக் கூலியும் மருத்துவமனைப் படுக்கையும். சுகாதாரத்துக்கும் குடியிருப்புக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்புகளில் நிதி ஒதுக்கும் நமக்கு, இச்சங்கிலி எந்தத் தலைப்பிலும் தென்படுவதில்லை.

தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில் தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு, உள்ளேயே கழிவறையுடன், வழங்க வகை செய்யப்பட்டுள்ளது. அதன் ஏனைய வழக்குகளுக்குள் நாம் புக வேண்டியதில்லை. ஆனால் இதில் இரு பக்கமும் உண்டு. தாராவிக்கு அடுத்தே சயான் மருத்துவமனை எனப்படும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையும் தொலைவில் இல்லை. தாராவிக்காரருக்கு வீட்டில் இல்லாத வசதிகளுக்கு ஈடாக இருக்கும் பெருஞ்செல்வம் இது. தகுதிப் பட்டியலில் சேராது தொலைவான இடத்துக்கு மாற்றப்படும் ஒரு நரம்பு நோயாளி, கழிவறையைப் பெற்று மருத்துவமனையை இழப்பார். மறுகுடியமர்வுக்கான கணக்கெடுப்பில் நாட்பட்ட நோய் பற்றிய ஒரு கேள்வி சேர்ப்பது பெரிய செலவன்று.

மாதுங்காவில் ஒரு மாணவர்

மாதுங்கா கல்லூரிகளின் பேட்டை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றிய இடம் அது. இருபது வயதுள்ள மாணவர் ஒருவருக்குக் கண் நரம்பு அழற்சி வந்து நீங்கியது. பின்பு வலக்கை விரல்களில் மரப்பு எஞ்சியது என்று கொள்வோம். வீட்டில் வசதி உண்டு. கழிவறைக் கவலை இல்லை. அவருடைய இடர் மூன்று மணி நேரத் தேர்வை எழுதி முடிப்பது. இரண்டாவது இடர், வீட்டாரின் மௌனம். பெண் பிள்ளையாக இருந்தால் இம்மௌனம் இருமடங்கு. திருமணப் பேச்சு முடியும்வரை நோயின் பெயரையே உச்சரிக்காத குடும்பங்கள் உண்டு. கருவுற்றால் நோய் முற்றிவிடும் என்ற அச்சமும் இதனோடு சேர்கிறது. 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இதற்கு விடை தந்துள்ளது. கருவுற்ற காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நோயின் தாக்குகள் குறைகின்றன. பேற்றுக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் கூடுகின்றன. மருத்துவரோடு கலந்து திட்டமிட்டால் தாய்மைக்கு இந்நோய் தடையன்று.

மருந்தும் காலமும்

இந்நோயை அறவே நீக்கும் மருந்து இல்லை. ஆனால் தாக்குகளைக் குறைத்து, நோயின் போக்கைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. முதலாவதாகப் பீட்டா இன்டர்ஃபெரான் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்தவை பல. அவற்றுள் பெரும்பாலானவை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாத விலை. இந்தியாவில் உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் ரிட்டுக்சிமாப், வேறு நோய்களுக்காக வந்த மருந்தாயினும், விலை குறைவு காரணமாக எம்.எஸ். நோய்க்கும் மருத்துவர்களால் பெருமளவில் பயன்படுத்தப்படுகிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் எம்.எஸ். நோய்க்காக முதன்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது. கிளாடிரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் என்பன அவை.

இம்மருந்துகள் நடக்கவிருக்கும் சேதத்தைக் குறைக்கின்றன. நடந்து முடிந்த சேதத்தை மீட்பதில்லை. ஆகவே நோய் லேசாக இருக்கும்போதே தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். ஆனால் நோய் லேசாக இருக்கும்போதுதான் நோயாளி 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மருந்தை நிறுத்துகிறார். அரசின் உதவியும் அப்போது கிட்டுவதில்லை. ஊசி மருந்தின் தொடர்செலவு வெளிநோயாளிச் செலவாகும்; 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தனியார் காப்பீட்டை நாடுவோர்க்கு வேறு தடை இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகளில், முன்பே உள்ள நோய்களுள் நிலையாக விலக்கி வைக்கத்தக்கவை என்ற பட்டியலில் மயலின் சிதைவு நோய்களும் இடம்பெற்றன.

நாற்பது விழுக்காடு என்னும் வாசல்

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த ஊன வகைகள் இதில் 21 ஆயின. நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் எம்.எஸ். நோயின் பெயரே அட்டவணையில் உள்ளது. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் மாணவர்களும் அலுவலர்களும் அடிக்கடி குழம்பும் ஓரிடம் இங்கே உண்டு.

சட்டம் இரு வகையினரைப் பிரித்துக் காண்கிறது. நெடுங்காலக் குறைபாடு உடையவராய், சூழலில் உள்ள தடைகளால் பிறரைப் போல் முழுமையாகப் பங்கேற்க இயலாதவர் அனைவரும் மாற்றுத் திறனாளிகள். இவர்களுள் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதது என்று சான்று பெற்றோர் தனி வகையினர். கல்வியில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீடு போன்ற சலுகைகள் இரண்டாம் வகையினருக்கே உரியவை. அரசுப் பணியில் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் கூறும் 34ஆம் பிரிவோ, இவ்வகையினருள்ளும் பார்வை, செவி, நடமாட்டம் முதலிய குறிப்பிட்ட ஊனங்களையே பெயர் சொல்லிக் குறிக்கிறது, எம்.எஸ். அங்கே பெயரால் இல்லை. நோய் லேசாக உள்ளவர் பெரும்பாலும் 40 என்னும் வாசலுக்கு வெளியே நிற்பவர். அவருக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை என்று கருதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அது சரியன்று.

'நியாயமான வசதி ஏற்பாடு' என்னும் உரிமைக்கு விழுக்காட்டு வாசல் இல்லை. 20ஆம் பிரிவு ஒவ்வொரு அரசு நிறுவனமும் இதனை ஊழியருக்குச் செய்து தர வேண்டும் என்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பதும் அதே பிரிவின் ஆணை. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் இதனைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய அவர், குடிமைப் பணித் தேர்வில் தமக்கு எழுத்தர் ஒருவரை அனுமதிக்கக் கோரினார், தேர்வாணையம் மறுத்தது. 40 விழுக்காட்டு வரம்பைக் காட்டி இவ்வசதியை மறுக்க இயலாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாட்டால் எழுத இடர்ப்படும் தேர்வர்களுக்கான நெறிமுறைகளைச் சமூக நீதி அமைச்சகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. நம் மாதுங்கா மாணவருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

செம்பூர் எழுத்தருக்கு என்ன வசதி வேண்டும்? காலை நெரிசலுக்கு முன்போ பின்போ வந்து செல்லும் வேலை நேரம். குளிரூட்டப்பட்ட அறையில் மேசை. கழிவறைக்கு அருகில் இருக்கை. பிற்பகலில் இருபது நிமிட ஓய்வு. கவனம் மிகத் தேவைப்படும் கோப்புகளை முற்பகலில் ஒதுக்குதல். இவற்றுள் புதிய நிதி ஒதுக்கீடு கோருவது எது என்று தேடினாலும் கிடைக்காது. மாறாக, பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் பத்தாண்டுகள் முன்னதாக வேலையை விட்டால் அரசுக்கு ஏற்படும் இழப்பைக் கணக்கிடுவது எளிது. பேராசிரியர் அமர்த்திய சென் 2009இல் வெளியான தம் நூலில், ஊனமுற்றோருக்கு இரு வகை இடர்கள் உண்டென்கிறார். ஒன்று, வருமானம் ஈட்டுவதில் உள்ள இடர். மற்றது, ஈட்டிய வருமானத்தை நல்வாழ்வாக மாற்றிக்கொள்வதில் உள்ள இடர். செம்பூரில் இரண்டாவது மேலோங்கியுள்ளது. தாராவியில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பீஸ் கணக்குத் தொழிலாளிக்கு 20ஆம் பிரிவால் பயனில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு உதவக்கூடியவை சயான் மருத்துவமனையின் மருந்தகமும், மாநகராட்சியின் கழிவறைத் திட்டமுமே.

அரசுக்கு வெளியே நடந்த முயற்சியையும் குறிப்பிட வேண்டும். இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தை 1985இல் மும்பையில் தொடங்கியவர் ரஹ்மத் ஃபசல்பாய். அவரும் இந்நோய் உடையவரே. சென்னை, புனே, டெல்லி, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களிலும் அதற்குக் கிளைகள் உள்ளன. நோயாளிகளை ஒருவரோடொருவர் சேர்ப்பது அதன் முதற்பணி. இயன்முறைப் பயிற்சி இதனோடு சேர்ந்தது. எம்.எஸ். உள்ளோர் உடலை அசைக்காமல் ஓய்வு கொள்ள வேண்டும் என்றே ஒரு காலத்தில் மருத்துவர்கள் கூறினர். 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்கர் ஜிம்மி ஹியூகா, 1970இல் இந்நோய் கண்டபின் அவ்வறிவுரையை ஏற்காது பயிற்சியைத் தொடர்ந்து, பிறருக்கும் கற்பித்தார். அளவான உடற்பயிற்சி களைப்பைக் குறைக்கும் என்பது இன்று மருத்துவத்தின் பொதுக் கருத்து. மும்பையில் அதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை.

அரசு அலுவலகங்களில் உள்ளோர் கவனத்திற்கு: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்துப் புகார்ப் பதிவேடு வைத்திருத்தல் வேண்டும். 20ஆம் பிரிவின் வசதி மறுக்கப்பட்டவர் அவரிடம் புகார் அளிக்கலாம். பதிவான புகாரை இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். நடவடிக்கை மன நிறைவு தராவிடில் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். விண்ணப்பத்தோடு நரம்பியல் மருத்துவரின் சான்றையும், எந்த வேலையில், எந்த நேரத்தில், என்ன இடர் ஏற்படுகிறது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் இணைப்பது நல்லது. விழுக்காட்டை மட்டும் எழுதிய சான்றைவிட இக்குறிப்பே விசாரிக்கும் அலுவலருக்குப் பயன்படும்.